அந்தப் பூதத்துக்கு என்ன குறை?

"பேய்ப் படமா? அது சின்னப் பிள்ளைகள் பார்க்கிறது!" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். "வானத்திலிருந்து தட்டு இறங்குகிறதாம். அதற்குள்ளிருந்து பச்சை முகத்தோடு ஒருவன் வருகிறானாம். இதைக் காசு கொடுத்து வேறு பார்க்க வேண்டுமா?" என்று கேட்பவர்களும் உண்டு. நீங்களும் அப்படிச் சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டு, பிள்ளைகளுக்குத் துணை என்ற சாக்கில் உட்கார்ந்து, கடைசி வரை எழுந்திருக்காமல் பார்த்தும் இருக்கலாம்!

வாசகர்களே, நான் படக்கலை படித்தவன் அல்லன். கொட்டகை வாசலில் ஒரு பொட்டலம் கச்சாங் பூத்தே வாங்கிக்கொண்டு, உள்ளே போய் உட்கார்ந்து, பயப்பட வேண்டிய இடத்தில் பயந்து, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்துவிட்டு வருகிற சாதாரண ரசிகன். அந்த அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். பூதப் படத்தில் பூதம் எத்தனை அடி உயரம் என்பது பெரிதல்ல. அந்தப் பூதத்துக்கு என்ன குறை என்பதுதான் பெரிது. குறை உள்ள பூதம் மனத்தில் நிற்கும். குறை இல்லாத பூதம் கொட்டகை வாசலைத் தாண்டும் முன்பே மறந்துபோகும்.

சிங்கப்பூரில் பிறந்த பேய்கள்

இதைப் பேச நாம் அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போனால் போதும். ஒரு காலத்தில் மலாயா முழுவதற்கும் படம் அனுப்பிய ஊர் அது. ஷா, கேத்தே ஆகிய இரண்டு பெரிய நிறுவனங்களும் அங்கிருந்துதான் தொழில் நடத்தின. தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டி, இரவில் பாய் விரித்து உட்கார்ந்து நம் பெரியவர்கள் படம் பார்த்தார்களே, நினைவிருக்கிறதா? அந்தப் படப்பெட்டிகளில் பல சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டவைதான்.

தீபாவளிச் சேலை எடுக்கச் சிராங்கூன் சாலைக்குப் போனவர்களுக்கு இந்த ஊர்க் கொட்டகைகளும் தெரிந்திருக்கும். தேக்காவுக்குப் பக்கத்திலேயே மெக்கன்சி சாலையில் ரெக்ஸ் தியேட்டர். 1946இல் திறந்தது. நெடுநாள் மூடிக் கிடந்து, 2009இல் தமிழ்ப் படங்கள் காட்டும் இடமாக மீண்டும் கதவு திறந்தது. கொஞ்ச தூரம் நடந்தால் கிச்சனர் சாலையில் 'நியூ வோர்ல்டு' கேளிக்கைப் பூங்கா இருந்தது. 1923இல் தொடங்கிய அந்தப் பூங்காவில் கூத்து, குத்துச்சண்டை, நடனம், சினிமா எல்லாம் ஒரே வளாகத்தில் நடந்தன. இன்று அங்கே பெரிய அங்காடி நிற்கிறது. பழைய நுழைவாயிலை மட்டும் நினைவாக வைத்திருக்கிறார்கள்.

படம் காட்டிய ஊர் மட்டுமா? படம் எடுத்த ஊரும் அதுதான். பாலஸ்டியர் சாலையை ஒட்டிய ஜாலான் அம்பாஸில் ஷா நிறுவனத்தின் மலாய்ப் படப்பிடிப்பு நிலையம் 1947 முதல் 1967 வரை நடந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் கேத்தே-கிரிஸ் நிறுவனம். இந்த இரண்டு இடங்களிலும் நாயகன் நாயகி மலாய்க்காரர்கள், முதலாளிகள் சீனர்கள், ஆரம்ப ஆண்டுகளில் இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள்! பி. எஸ். ராஜ்ஹன்ஸ், பி. என். ராவ், எல். கிருஷ்ணன், பானி மஜும்தார் என்று ஒரு வரிசையே உண்டு. மலாய்க் கிராமத்துப் பேய்களைத் திரைக்குக் கொண்டுவந்ததிலும் அவர்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

பாம்பு கடித்த இரவு

1957 ஏப்ரலில் கேத்தே படமாளிகையில் 'பொந்தியானாக்' என்ற படம் வெளியானது. கேத்தே-கிரிஸ் தயாரிப்பு. இயக்கியவர் பி. என். ராவ். நாயகி மரியா மெனாடோ, அந்நாளில் அழகுக்குப் பேர்போன நடிகை.

கதையைக் கேளுங்கள். சோமெல் என்று ஒரு பெண். 'அழகி' என்று பொருள்படும் பெயர். ஆனால் அவளுக்குக் கூனல் முதுகு, கோர முகம். மந்திர மருந்தொன்றின் பலத்தால் அவள் உண்மையிலேயே அழகியாகிறாள். ஒரே ஒரு நிபந்தனை: இரத்தம் அவள் நாக்கில் படக் கூடாது. கல்யாணம் ஆகிறது, குழந்தை பிறக்கிறது, குடும்பம் நன்றாக நடக்கிறது. ஒரு நாள் கணவனைப் பாம்பு கடிக்கிறது. விஷத்தை உறிஞ்சி எடுக்கும்படி அவனே மனைவியிடம் கெஞ்சுகிறான். பெண்ணானவள் என்ன செய்வாள்? உறிஞ்சுகிறாள். இரத்தம் நாக்கில் படுகிறது. அவ்வளவுதான், பொந்தியானாக் ஆகிவிடுகிறாள்!

இதில் யார் கெட்டவர், சொல்லுங்கள்? கணவனைக் காப்பாற்றப் போன மனைவி பேயாகிறாள். அதனால்தான் படம் பார்த்தவர்கள் பயந்ததோடு நிற்கவில்லை. 'ஐயோ பாவம்' என்றும் சொன்னார்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர் எல்லோரும் வரிசையில் நின்று பார்த்தார்கள். படம் நன்றாக ஓடியதால் அதே ஆண்டில் 'டெண்டாம் பொந்தியானாக்', 1958இல் 'சும்பா பொந்தியானாக்' என்று அடுத்தடுத்து வந்தன. முதல் படத்தில் சாத்தே விற்பவராக வந்து சிரிக்க வைத்த நடிகர் கடைசி வரை 'வாஹிட் சாத்தே' என்றே அழைக்கப்பட்டார்.

பொந்தியானாக் யார் என்பது தோட்டத்தில் வளர்ந்த உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிரசவத்தில் உயிர்விட்ட பெண். வாழைத் தோப்பில் குடியிருப்பாள் என்பார்கள். நம் பக்கத்துக் கதையும் வேறல்ல. வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணுக்காகத் தமிழ்நாட்டில் வழியோரம் சுமைதாங்கிக் கல் நடுவார்கள். அவள் இறக்கி வைக்க முடியாத சுமையை வழிப்போக்கராவது இறக்கி வைக்கட்டும் என்று! கணவனால் கொல்லப்பட்டுப் பழி வாங்கப் பேயாய் வந்த பழையனூர் நீலியை நம் பாட்டிமார்கள் எத்தனை முறை சொல்லியிருப்பார்கள்.

மருத்துவமனை எங்கோ இருந்த காலம் அது. இரவில் வலி கண்டால் லாரி கிடைக்குமா, மண்பாதையில் வண்டி போகுமா என்று தவித்த லயத்துக் குடும்பங்கள் எத்தனையோ. அப்படிப் போன பெண்களை ஊர் மறந்துவிடாமல் வைத்திருந்தது பேய்க்கதைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மலாய்க் கிராமத்துக்கும் தமிழ் லயத்துக்கும் நடுவில் மொழி வேறு, சாமி வேறு. ஆனால் வாழைத் தோப்பில் அழுகிறவள் ஒருத்திதான்.

ஒரு வருத்தமான செய்தி. அந்த 1957ஆம் ஆண்டுப் படத்தின் பிரதி இன்று பார்க்கக் கிடைக்கவில்லை. 'சும்பா பொந்தியானாக்' தப்பிப் பிழைத்திருக்கிறது. சிங்கப்பூரில் உள்ள ஆசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதைப் புதுப்பித்து வைத்திருக்கிறது. கேத்தே-கிரிஸ் மலாய்ப் படத் தொகுப்பு 2014இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் நினைவுப் பட்டியலிலும் இடம் பெற்றது. 'பேய்ப் படம்தானே' என்று அலட்சியமாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? பேய் பிழைத்தது, படச்சுருள் பிழைக்கவில்லை!

எண்ணெய் மனிதன் வந்தான்!

பொந்தியானாக்குக்கு அடுத்தபடி ஊரைக் கலக்கியவன் 'ஓராங் மின்யாக்'. உடம்பெல்லாம் கறுப்பு எண்ணெய் பூசிக்கொண்டு, பிடித்தால் வழுக்கிக்கொண்டு ஓடுகிறவன். பெண்கள் இருக்கும் வீடாகப் பார்த்து நுழைவான் என்ற வதந்தி கம்பங்களையும் தோட்டங்களையும் கிடுகிடுக்க வைத்தது. 1958ஆம் ஆண்டில் மட்டும் இவனை வைத்து மூன்று படங்கள் வந்தன. கேத்தே-கிரிஸுக்காக 'ஓராங் மின்யாக்', 'செராங்கான் ஓராங் மின்யாக்' என்ற இரண்டை எடுத்தவர் சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன். பி. ரம்லியை முதன்முதலில் கதாநாயகனாக்கி 1950இல் 'பக்தி' படத்தை எடுத்தவரும் இவரே. ஷா நிறுவனத்துக்காக 'சும்பா ஓராங் மின்யாக்' எடுத்து, அதில் தானே நடித்தவர் பி. ரம்லி.

என் ஓட்டு ரம்லி படத்துக்குத்தான். ஏன் தெரியுமா? அதில் வரும் மனிதன் ஒரு கூனல் ஓவியன். பாத்தேக் துணியில் அழகழகாகப் படம் எழுதுகிறவன். அவன் கை எழுதுவதை ஊர் பார்க்கவில்லை; முதுகைத்தான் பார்த்துக் கேலி செய்கிறது. அழகு வேண்டும் என்று ஏங்குகிறான். அழகு கிடைக்கிறது. கிடைத்த பிறகு கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியாமல் சாபத்தில் விழுகிறான். எண்ணெய் பூசிய மனிதன் வானத்திலிருந்து குதிக்கவில்லை. ஊராரின் கேலிதான் அவனை வளர்த்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையைக் 'கருப்பா, குண்டா' என்று கூப்பிடும்போது நாமும் ஓர் எண்ணெய் மனிதனை வளர்க்கிறோம் என்பதை இந்தப் படம் காதில் சொல்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். திரையில் வரும் எண்ணெய் மனிதன் வேறு; வீட்டுக்குள் நுழையும் திருடன் வேறு. பேய் என்று பயந்து எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டால் திருடனுக்குத்தான் லாபம். ஒரு பெண் 'யாரோ வந்தான்' என்று சொன்னால், அது பேயா என்று ஆராய்வதை விட்டுவிட்டு, விளக்கை எடுத்துக்கொண்டு நாலு பேராகப் போய்ப் பாருங்கள்.

எதிரியின் கண்ணீர்

இனி கடல் தாண்டி ஜப்பானுக்குப் போவோம். பூதப் படங்களுக்கெல்லாம் அண்ணன் என்று 'காட்ஸில்லா'வைச் சொல்வார்கள். அதைப் பார்க்கும்போது நம்மவர் மனத்தில் வேறொரு கணக்கும் ஓடும். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் நாம் பட்டது கொஞ்சமா? சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டுத் திரும்பி வராத தோட்டத் தமிழர்கள் பல்லாயிரம் பேர். தாத்தாவின் பெயரைச் சொன்னாலே இன்றும் கண்கலங்கும் வீடுகள் உண்டு. 'ஜப்பான்காரன் படத்தை நான் ஏன் பார்க்க வேண்டும்?' என்று கேட்ட பெரியவர்களின் கோபம் நியாயமானதுதான்.

ஆனால் அந்தப் படம் எப்படிப் பிறந்தது என்பதையும் கேளுங்கள். 1954 மார்ச் 1ஆம் தேதி அமெரிக்கா பசிபிக் கடலில் பிகினித் தீவருகே ஹைட்ரஜன் குண்டைச் சோதித்துப் பார்த்தது. 'லக்கி டிராகன்' என்ற ஜப்பானிய மீன்பிடிப் படகில் இருந்த 23 பேர் மீது அந்தச் சாம்பல் விழுந்தது. எல்லோரும் நோயில் விழுந்தார்கள். வானொலி இயக்கிய மீனவர் சில மாதங்களில் இறந்தார். நாடே கொதித்தது. அதே ஆண்டு நவம்பரில் இஷிரோ ஹோண்டா இயக்கிய 'காட்ஸில்லா' வெளியானது. கடலடியில் உறங்கிய விலங்கை அணுகுண்டுச் சோதனை எழுப்பிவிடுகிறது. அது தோக்கியோ நகரை மிதித்துப் போகிறது.

அதில் ஒரு காட்சி. நகரம் எரிகிறது. தெருவோரத்தில் ஒரு தாய் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு, சீக்கிரமே அப்பாவிடம் போய்விடுவோம் என்று தேற்றுகிறாள். அப்பா ஏற்கெனவே இறந்தவர் என்பது நமக்குப் புரிந்துவிடுகிறது. அந்த இடத்தில் எனக்கு ஜப்பானியர் தெரியவில்லை. ஒரு தாய்தான் தெரிந்தாள். நமக்குக் கொடுமை செய்தது ஓர் இராணுவம். குண்டில் வெந்தவர்களோ பெரும்பாலும் வீட்டில் இருந்தவர்கள். நம் தாத்தாவுக்கு நடந்ததை மறக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, மறக்கவே கூடாது. ஆனால் இருட்டில் உட்கார்ந்து எதிரி வீட்டுப் பிள்ளைக்காகவும் ஒரு சொட்டுக் கண்ணீர் விட முடிந்தால், அந்தப் படம் பெரிய வேலை செய்திருக்கிறது. காட்ஸில்லாவின் குறையும் அதுதான்: உறங்கியவனை மனிதன்தான் எழுப்பினான்.

பால்மரமும் பூதமும்

இந்தப் பூதங்களுக்கும் உங்களுக்கும் நேரடியாகவே ஓர் உறவு உண்டு. சிரிக்காதீர்கள். திரையில் நடமாடிய பூதங்களில் பாதிக்கு மேல் ரப்பர்தான்!

காட்ஸில்லா என்பது ரப்பரும் பஞ்சும் கம்பியும் சேர்த்துச் செய்த உடை. உள்ளே ஒரு மனிதர் இருந்தார். பெயர் ஹருவோ நகாஜிமா. உடையின் எடை ஏறக்குறைய 100 கிலோ. மேலே விளக்குகளின் வெக்கை, உள்ளே மூச்சு முட்டும். சில நிமிடங்கள் நடந்தாலே வேர்வை ஊற்றாகக் கொட்டும். காண்டாவில் இரண்டு வாளிப் பாலைத் தொங்கவிட்டு மேடு பள்ளம் ஏறி இறங்கியவர்களுக்கு அந்த மனிதர் பட்ட பாடு நன்றாகவே புரியும்.

1933இல் வந்த 'கிங் காங்' குரங்கு எத்தனை உயரம் என்று நினைக்கிறீர்கள்? ஏறக்குறைய ஒன்றரை அடி! உலோக எலும்புக்கூட்டின் மேல் ரப்பரும் பஞ்சும் வைத்து, முயல் ரோமம் ஒட்டிய பொம்மை. அதைத் துளித்துளியாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வையும் தனித்தனியாகப் படம் பிடித்தார் வில்லிஸ் ஓபிரையன். தீவில் ராஜாவாக இருந்த விலங்கைச் சங்கிலி போட்டு நகரத்துக்கு இழுத்து வந்து, காசுக்கு வேடிக்கை காட்டுகிறார்கள். அது கட்டடத்தின் உச்சியிலிருந்து விழும்போது எத்தனை கண்கள் கலங்கின! ஊரை விட்டுப் பிடித்து வரப்பட்டவனின் கதை, கப்பல் ஏறி வந்தவர்களின் பேரப் பிள்ளைகளுக்குப் புரியாமல் போகுமா?

1976இல் அதே கதையை மறுபடி எடுத்தார்கள். இம்முறை 40 அடி உயரத்தில் இயந்திரக் குரங்கு செய்தார்கள். பணம் தண்ணீராய் ஓடியது. படத்தில் அந்த இயந்திரம் தலைகாட்டியது சில நொடிகள்தான். மற்ற இடங்களில் ஓடியாடியது குரங்கு வேடம் போட்ட ஒரு மனிதர். ஒன்றரை அடிப் பொம்மை உலகை அழவைத்தது. 40 அடி இயந்திரத்தை இன்று யாரும் நினைப்பதில்லை. அடுத்த ஆண்டு ஷா சகோதரர்களின் ஹாங்காங் நிறுவனமும் 'பீக்கிங் மனிதன்' என்று ஒரு குரங்குப் படம் எடுத்தது. அதன் காட்டுக் காட்சிகளுக்காக மைசூர் வரை போனார்கள். காடு நம் காடு; குரங்கு மட்டும் இரவல்!

முகமூடிக்கும் பால்தான் மூலம். ரப்பர்ப் பாலோடு சில மருந்துகளைச் சேர்த்து, கேக்குக்கு முட்டை அடிப்பதுபோல நுரை பொங்க அடித்து, அச்சில் ஊற்றி, அடுப்பில் வேக வைப்பார்கள். பஞ்சுபோல மெத்தென்ற தோல் கிடைக்கும். 1968இல் வந்த 'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' படத்தில் மனிதர்களைப் பேசும் குரங்குகளாக மாற்றியது இந்த வித்தைதான். 1993இல் வந்த 'ஜுராசிக் பார்க்' படத்தை எடுத்தபோது, மழைக் காட்சியில் ராட்சத டைனோசாரின் ரப்பர்த் தோல் தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போய், நிற்க முடியாமல் நடுங்கியதாம்!

பின்னால் கணினி வந்தது. இப்போது பூதங்கள் பெரும்பாலும் கணினியிலேயே பிறக்கின்றன. எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் வளர்கின்றன. ஆயிரம் கட்டடங்களை ஒரே அடியில் நொறுக்குகின்றன. ஆனால் என் கண்ணுக்கு அவற்றில் கனம் இல்லை. ரப்பர்ப் பூதம் தரையில் கால் வைத்தால் தரை உணரும். அது போலி என்று குழந்தைக்குக்கூடத் தெரியும், ஆனாலும் நம்பும். பொய்க்கால் குதிரையை நாம் நம்பவில்லையா?

நம் தமிழ்ப் படங்கள் எப்படி?

தமிழில் அறிவியல் கதையே கிடையாது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. 1952இலேயே சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஓர் அமெரிக்க நிறுவனத்தோடு சேர்ந்து 'காடு' எடுத்தது. அழிந்துபோன ரோம யானைகள் காட்டில் மறுபடி நடமாடுகின்றன என்பது கதை. நம் ஊர் யானைக்கே ரோமப் போர்வை போர்த்தி நடக்க விட்டார்கள்! பார்க்க வேடிக்கை. ஆனால் அந்த யானைகளுக்கு ஒரு குறையும் இல்லை, வெக்கையைத் தவிர. அதனால் மனத்தில் நிற்கவில்லை.

1963இல் வந்தது 'கலையரசி'. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த படம். யூரி ககாரின் விண்வெளிக்குப் போய்வந்து இரண்டே ஆண்டு ஆகியிருந்தது. வேற்றுலகத்திலிருந்து பறக்கும் தட்டில் வந்து பானுமதியைத் தூக்கிப் போகிறார் நம்பியார். எதற்காக? பொன்னுக்காகவா, மண்ணுக்காகவா? இல்லை. அந்த உலகத்தில் அறிவியல் இருக்கிறது, சங்கீதம் இல்லை. பாட்டுக் கற்றுக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும்! செட்டைப் பார்த்து இன்று சிரிக்கலாம். ஆனால் 'எல்லாம் இருந்தும் பாட்டு இல்லாத உலகம்' என்பது எவ்வளவு பெரிய குறை! 1967இல் ஜெய்சங்கரும் கே. ஆர். விஜயாவும் நடித்த 'பட்டணத்தில் பூதம்' வந்தது. ஜாடிக்குள் அடைபட்டிருந்து வெளியே வந்த பூதமாக ஜாவர் சீதாராமன் எல்லோரையும் சிரிக்க வைத்தார்.

பிறகு எழுத்தாளர் சுஜாதா வந்தார். அவருடைய 'பிரியா' கதையைத்தான் 1978இல் ரஜினியை வைத்துச் சிங்கப்பூரில் படமாக்கினார்கள். 1986இல் ஏவுகணைக் கடத்தலை வைத்து வந்த 'விக்ரம்' படத்திலும் அவர் கை உண்டு. 2008இல் அவர் மறைந்தார். அவர் வசனத்தில் பங்கெடுத்த 'எந்திரன்' 2010இல் வந்தது. சிட்டி என்ற இயந்திர மனிதனுக்கு விஞ்ஞானி மனித உணர்ச்சியைக் கொடுக்கிறார். உணர்ச்சி வந்தவுடன் அது நேசிக்கிறது. நேசித்தது குற்றமென்று அதைத் துண்டு துண்டாக்கிக் குப்பையில் போடுகிறார்கள். இரண்டாம் பாதியில் அது ஆயிரம் உருவமெடுத்து ஆடுகிற ஆட்டம் கண்ணுக்கு விருந்து. எனக்கோ அந்தக் குப்பைமேட்டுக் காட்சிதான் பெரிது.

வேலை செய்கிற வரையில் மெச்சிவிட்டு, வேண்டாத நாளில் தூக்கிப் போடுவது இயந்திரத்துக்கு மட்டுமா நடந்தது? இரண்டாம் உலகப் போரில் மலாயா ஜப்பானியர் கைக்குப் போனதும், அமெரிக்கா ஆலைகளில் செயற்கை ரப்பரைப் பெருக்கியது. பிறகு பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, வீடமைப்புத் திட்டங்கள் வந்தன, லயங்கள் காலியாயின. விஞ்ஞானம் வந்தால் சாதாரண மனிதன் என்ன ஆவான் என்று அறிவியல் படங்கள் கற்பனையாகக் கேட்கிற கேள்வியை உங்கள் குடும்பம் வாழ்ந்தே பார்த்திருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், இந்தப் படங்கள் உங்களுக்கு அந்நியமானவை அல்ல.

2018இல் வந்த '2.0' படத்தில் பறவைகளுக்காக ஒரு பெரியவர் பூதமாகிறார். குறை நல்ல குறை. ஆனால் செல்பேசிக் கதிரால்தான் பறவைகள் சாகின்றன என்பது விஞ்ஞானம் நிரூபித்த செய்தி அல்ல என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். படத்தைப் படமாகவும் பாடத்தைப் பாடமாகவும் பார்க்கப் பழக்குவது நம் கையில் இருக்கிறது. 2015இல் வந்த 'இன்று நேற்று நாளை' கால இயந்திரத்தை வைத்துக் குறைந்த ஆர்ப்பாட்டத்தில் சொன்ன நல்ல கதை. குடும்பத்தோடு பார்க்கலாம்.

பிள்ளைகளோடு பார்க்கும்போது

ஒரு சாதாரண ரசிகனின் யோசனைகள் இவை. பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, தரச் சான்றிதழைப் பாருங்கள். சிங்கப்பூரில் பிஜி13, என்சி16 என்று போடுவது அழகுக்காக அல்ல. எட்டு வயதுப் பிள்ளையை இரத்தம் தெறிக்கும் படத்துக்கு அழைத்துப் போய்விட்டு, 'ராத்திரி தூங்கமாட்டேன் என்கிறான்' என்று அலுத்துக்கொள்வதில் பயனில்லை.

இரண்டாவது, பிள்ளை பயந்தால் கேலி செய்யாதீர்கள். 'ஆம்பளப் பிள்ளை அழலாமா?' என்று கேட்காதீர்கள். அந்தப் பூதத்தை எப்படிச் செய்தார்கள் என்று சொல்லுங்கள். 'அது நம்ம பால்மரத்துப் பால்தான்டா, உள்ளே ஒரு அங்கிள் வேர்த்துக்கிட்டு நிக்கிறாரு' என்றால் பாதிப் பயம் போய்விடும். மீதிப் பாதி இருக்கட்டும். கொஞ்சம் பயம் இல்லாவிட்டால் படத்தில் என்ன ருசி?

மூன்றாவது, படத்தை வைத்துப் பிள்ளையை மிரட்டாதீர்கள். சோறு சாப்பிடாவிட்டால் பொந்தியானாக் பிடித்துக்கொள்ளும் என்று சொல்லி வளர்த்த பிள்ளை, வளர்ந்த பிறகும் விளக்கில்லாத பாதையில் நடக்கத் தயங்கும். விடியும் முன்பே வெட்டுக்குப் போன நம் பாட்டிமார்கள் பயந்திருந்தால் குடும்பம் என்ன ஆகியிருக்கும்?

நான்காவதுதான் முக்கியம். படம் முடிந்ததும், 'எத்தனை பேரை அடிச்சது?' என்று எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 'அது ஏன் அப்படி ஆச்சு?' பதில் சொல்ல முடிந்தால் படம் நல்ல படம். பதில் சொல்ல முடியாவிட்டால், எத்தனை கோடி செலவழித்திருந்தாலும் அது வாணவேடிக்கைதான், பார்த்துவிட்டு மறந்துவிடலாம்.

இந்தக் கேள்விக்குப் பழகிய பிள்ளை சினிமாவோடு நிற்காது. வகுப்பில் யாரோடும் சேராத பையனைப் பார்த்து, வேலியோரம் தனியே பேசிக்கொண்டு போகும் கிழவியைப் பார்த்து, குடித்துவிட்டுச் சத்தம் போடும் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து, கல்லெடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் யோசிக்கும்: இவருக்கு என்ன குறை? அந்த ஒரு நிமிடத்துக்காகவே எத்தனை பேய்ப் படங்களுக்கு வேண்டுமானாலும் காசு கொடுக்கலாம்.